கால் நீட்ட இடம்

“கொஞ்சம் கீழ படுத்துக்கோங்கோ, அளந்துக்கறேன்” என்றாள் நீரஜா.

ஸ்ரீகிருஷ்ணா திருதிருவென்று விழித்தான். பெண் பார்க்க வந்த இடத்தில், குடித்த காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மாப்பிள்ளையைப் படுக்கச் சொன்ன பெண் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அந்த மயிலாப்பூர் ஃப்ளாட்டின் ஹாலில் பெரியவர்கள் ஜாதகத்தைத் தாண்டிக் கல்யாண மண்டபம் வரை போயிருந்தார்கள். “பத்து நிமிஷம் தனியாப் பேசிண்டிருங்கோ” என்று இவர்கள் இரண்டு பேரையும் பால்கனிக்கு அனுப்பியிருந்தாள் நீரஜாவின் அம்மா. பேச்சு ஆரம்பிப்பதற்கு முன்பே பெண்ணின் கையில் டேப் வந்துவிட்டது.

ஸ்ரீகிருஷ்ணா ஆறடி நாலங்குலம். வாலிபால் ஆட வைத்து அவனுக்கு பேங்க் வேலை வாங்கிக் கொடுத்த அதே உயரம், இதுவரை ஏழு பெண்களை வேண்டாம் என்று சொல்ல வைத்திருந்தது. இவளோ போட்டோவிலேயே அவன் தூக்கத்தைக் கெடுத்தவள். இவளும் உதட்டைப் பிதுக்கிவிட்டால் தாங்காது என்று மறுபேச்சில்லாமல் படுத்தான். பால்கனி போதாமல் கால் துளசித் தொட்டியில் இடித்தது.

“ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல எத்தனை வருஷம் இருந்தேள்?”

“ஆறு வருஷம்.”

“கட்டிலை விட்டுக் கால் வெளில நிக்குமா?”

“ஒரு சாண்! ராத்திரி பூரா உள்ளங்காலைக் கொசு பிடுங்கும். ஷவர் நெஞ்சுலதான் அடிக்கும். தலை வாரணும்னா கண்ணாடி முன்னாடி மண்டி போடணும்.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், ஒன்று விடாமல் பென்சிலால் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள். அவனுக்கு ஜிவ்வென்று இருந்தது. ஏழு பெண்களும் சம்பளத்தைக் கேட்டார்கள், இவள் உள்ளங்காலை விசாரிக்கிறாள்!

“தூக்கத்துல கையைக் காலை வீசுவேளா?”

“கனவுல ஸ்மாஷ் அடிப்பேன். ஒரு தடவை ரூம்மேட் காஷிஃபுக்கு மூக்குல ரத்தம்.”

“அப்ப அகலமும் கூட்டணும்” என்று முணுமுணுத்தாள்.

அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. ஜாதகத்தோடு வந்த குறிப்பில் போட்டிருந்தார்களே, பெண் ஆர்க்கிடெக்ட், அடையாறில் ஒரு ஸ்போர்ட்ஸ் கிளப்பின் இளம் வீரர்களுக்கான ஹாஸ்டல் இவளுடைய டிசைன் என்று! அடச்சே, மாப்பிள்ளையை அளக்கவில்லை, மாதிரிக்கு ஒரு நெட்டையன் சிக்கினான் என்று அளக்கிறாள்.

“இதைப் பாருங்கோ” என்று போனில் ஹாஸ்டல் படத்தைக் காட்டினாள். நீளநீளமான கட்டில்கள், உயரமான ஷவர், ஈர ஷூக்களுக்கு வாசலிலேயே தனித் தட்டு. ஜன்னல் கம்பியில் ஒரு ஜெர்சி காய்ந்தது, மேஜைமேல் பாதி கடித்த வாழைப்பழம் கிடந்தது. கம்ப்யூட்டரிலேயே எவ்வளவு தத்ரூபமாக வரைந்துவிடுகிறார்கள் என்று அந்த வேதனையிலும் வியந்தான்.

அழாத குறைதான். ஆனாலும் கொசுக்கடி பட்ட கால் ஆயிற்றே! கல்யாணம் போனால் போகிறது, அந்தப் பிள்ளைகளாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று எழுந்து உட்கார்ந்தான்.

“கட்டில் ஏழடி போதாது, ஏழரையாப் போட்டுடுங்கோ. தலைமாட்டுல பலகை வேண்டாம், மண்டை இடிக்கும். கொசுவலை மாட்ட ஆணி அடிக்க மறந்துடாதீங்கோ. ஹாஸ்டல் பசங்க பாவம்.”

நீரஜாவின் பென்சில் நின்றது. அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஹாலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிவக்கக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஹாஸ்டல் திறந்து ரெண்டு மாசம் ஆச்சு. இந்தக் கட்டில் நம்மாத்துக்கு!”