இடக்கை மட்டை

சிரிப்பு கடைசியில்தான் வரும். அதுவரை வாயைப் பொத்திக்கொள்ளுங்கள். ஆர்லோவும் பொத்திக்கொண்டுதான் நிற்கிறான், மிசஸ் பெர்க்கின் விளையாட்டுச் சாமான் கடையில், கையுறை அலமாரிக்குப் பின்னால், செல்போன் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு.

ஊர் பேஸ்பால் அணியின் பதினேழாம் நம்பர் ஆர்லோ. அவன் தொண்டைக்குள் மொத்த ஊரும் குடியிருந்தது. பாதிரியாரைப் போலத் தும்முவான். அம்பயரைப் போலக் கத்தி, ஒருமுறை எதிரணி ஆளை அவனாகவே வெளியே நடக்க வைத்திருக்கிறான்.

இன்று காலை அவன் எடுத்தது கோச் ஹால்வர்சனின் குரல். சரளைக்கல்லைக் கொப்பளிக்கிற குரல். மைதான ஆபீஸ் போனிலிருந்து தாராஸைக் கூப்பிட்டான்.

தாராஸ் கனடாப் பையன். கோடை லீக் ஆட வரும் வெளியூர்ப் பையன்களை உள்ளூர்க் குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்டு தங்கவைப்பார்கள். தாராஸ் போய்ச் சேர்ந்தது பல் டாக்டர் வீட்டு மாடி அறையில்.

"டேய் தாராஸ்! சனிக்கிழமை பைனல்ஸ். இன்னும் அந்த டேப் சுத்தின ஓட்டை பேட்டையே தூக்கிட்டு அலையறியே, வெக்கமா இல்ல? நீ இடக்கைக்காரன்தானே?"

"ஆமா கோச்."

"அப்போ இடக்கை பேட் வாங்கு. மிசஸ் பெர்க் கடையில கேளு. வலக்கை பேட்டைக் காட்டி ஏமாத்துவாங்க, ஏமாந்துடாத. மண்டையில ஏறுச்சா?"

அந்தப் பக்கம் தட்டில் முள்கரண்டி விழும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து, "ஏறுச்சு கோச்."

ஹாக்கி மட்டையில் இடக்கை உண்டு, வலக்கை உண்டு. பேஸ்பால் மட்டையோ உருட்டுக்கட்டை. எந்தக் கையால் பிடித்தாலும் ஒன்றுதான். ஆனால் பனியில் ஹாக்கி ஆடியே வளர்ந்த கனடாப் பையனுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

கதவு மணி அடித்தது. தாராஸ் உள்ளே வந்தான்.

"மிசஸ் பெர்க், இடக்கை பேட் இருக்குங்களா?"

ஆர்லோ உதட்டைக் கடித்துக்கொண்டு கேமராவைத் தட்டினான். இதோ, இதோ, கிழவி சிரிக்கப்போகிறாள்!

மிசஸ் பெர்க் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இருக்கே தம்பி! ஒண்ணே ஒண்ணு இருக்கு. அதைத் தனியாத்தான் வெச்சிருக்கேன், ஹாக்கி மட்டைக்குப் பின்னால."

ஆர்லோவின் கேமரா தானாகக் கீழே இறங்கியது.

அது அவன் மட்டை! செவ்வாய்க்கிழமை அவனுடைய பழைய மட்டை விரிசல் விட்ட அன்றே, கடையிலிருந்த அத்தனையையும் விரலால் தட்டிக் காதில் வைத்துப் பார்த்து, மணிபோல் ஒலித்ததென்று பொறுக்கியது. வெள்ளிக்கிழமை புல் வெட்டிய கூலி கைக்கு வரும்வரை வேறு யார் கண்ணிலும் படக்கூடாதென்று அவனே ஒளித்துவைத்தது.

"யாரோ ஒரு பையன் தினமும் வந்து இதைத் தட்டிப் பாத்துட்டு மறுபடி ஒளிச்சு வெச்சுட்டுப் போறான். நான் தினமும் அங்க தூசி தட்டறேன், பாவம், அவனுக்குத் தெரியாது" என்றார் மிசஸ் பெர்க்.

தாராஸ் மட்டையை வாங்கித் திருப்பினான். மேப்பிள் மரம். ரேகை அடியிலிருந்து நுனிவரை வகிடு எடுத்ததுபோல் நேராக ஓடியது. விரல் முட்டியால் தட்டினான்.

*டங்ங்.*

"அடேயப்பா!" என்றான். "இதையே எடுத்துக்கறேன்."

வெளியே வந்தால் குட்டு உடையும். வராவிட்டால் மட்டை போகும். வேறு வழி தெரியாமல் ஆர்லோ சரளைக்கல்லைக் கொப்பளித்தான்.

"டேய் தாராஸ்! அந்த பேட் வேண்டாம்! கீழ வை!"

தாராஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சரி கோச். ஆனா ஒரு சந்தேகம். நேத்து பல் டாக்டர் வீட்டுக் கூரை ஒழுகிச்சுன்னு என்னைக் கோச் வீட்டுக்கு மாத்திட்டாங்க. காலையில நீங்க போன் பண்ணப்போ, எனக்கு எதிர்ல உக்காந்து முட்டை தின்னுட்டிருந்தது யாரு கோச்?"

ஒரு கையுறை அலமாரியிலிருந்து தானாக விழுந்தது. பின்னாலேயே ஆர்லோ வந்தான், காதுவரை சிவந்துபோய்.

"கோச் என்ன சொன்னார்?" என்று சொந்தக் குரலில் கேட்டான். அது கொஞ்சம் கீச்சென்றுதான் இருந்தது.

"நீ பேசின அவர் குரல்ல இன்னும் கொஞ்சம் கரகரப்பு வேணுமாம்."

மிசஸ் பெர்க் மார்க்கர் பேனாவைத் திறந்தார். மட்டையின் அடிக்குமிழில் சொந்தக்காரன் நம்பரை எழுதித் தருவது அந்தக் கடை வழக்கம்.

"என்ன நம்பர் தம்பி?"

"நாலு."

எழுதினார். ஆர்லோ தரையைப் பார்த்தான். போன மாதம் தாராஸ் தன் மட்டை உடைந்து, ஆர்லோவின் மட்டையை இரவல் கேட்ட நாள் நினைவுக்கு வந்தது. "ஒரு பேட்டுக்குள்ள இத்தனை ஹிட்டுன்னு கணக்கு இருக்குடா. உனக்குக் குடுத்தா என்னுது குறைஞ்சுடும்!" என்று அணி மொத்தமும் சிரிக்க, தாராஸின் கனடாப் பேச்சிலேயே பேசிக் காட்டியவன் அவன்.

"பக்கத்துலயே பதினேழும் எழுதுங்க" என்றான் தாராஸ்.

பேனா நின்றது. "ஒரே பேட்டுல ரெண்டு நம்பரா? ஆட்டக்காரங்க சொல்ற மாதிரி ஹிட்டெல்லாம் சீக்கிரம் தீந்துபோயிடாதா?"

"தீரட்டுமே. சத்தம் கேட்டுக் கண்டுபிடிச்சது என் காதில்லையே!"

பதினேழு யாருடைய நம்பர் என்று யோசித்த ஆர்லோவின் கை, மெதுவாகத் தன் சட்டை முதுகில் இருந்த எண்ணைத் தொடப் போயிற்று.