வேதா டீச்சரின் சாட்சி

சத்தியம் பண்ணின வாய் ஈரம் காயும் முன்னே வேதா டீச்சர் கோர்ட்டில் பொய் சொன்னாள். அதுவும் துணைக்கு வந்த புருஷன் பிரகாஷ் கண்ணெதிரிலேயே!

நஷ்டஈட்டுக் கேஸ் பச்சையம்மாளுடையது. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும் கூலி வேலை. புருஷன் இல்லை. ஒரே மகள் ஓவியா டீச்சர் டிரெயினிங் படித்தாள். பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றவள்மேல் லாரி ஏறி, அங்கேயே உயிர் போய்விட்டது. அவளுக்குப் பாடம் நடத்தினவள் என்று வேதாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஓவியாவுக்கு வேலை கெடைச்சிருக்குமா?" என்று கேட்டார் பச்சையம்மாளின் வக்கீல்.

"கண்டிப்பா சார். வகுப்புல அவதான் முதல் மார்க்கு."

இன்சூரன்ஸ் வக்கீல் அருணகிரி எழுந்தார்.

"சம்பாதிச்சிருப்பா, சரி. அதுல பெத்தவ கைக்கு எவ்வளவு வந்திருக்கும்? கோர்ட்டு கணக்குப் பாக்கறது அதைத்தான். பையனா இருந்தாலாவது பரவால்ல. பொண்ணு கல்யாணமாகிப் போயிட்டா சம்பளம் புருஷன் வீட்டுக்கு. அப்புறம் இந்தம்மாவுக்கு என்ன நஷ்டம்?"

"எம்பொண்ணு அப்படி உட்டுடுறவ இல்ல சாமி!" பெஞ்சிலிருந்து பச்சையம்மாள் கத்திவிட்டாள்.

"உஷ்! சும்மா இரும்மா" என்று டவாலி அதட்டினார்.

அருணகிரி சிரித்துக்கொண்டே வேதா பக்கம் திரும்பினார்.

"எதுக்கு வீண் பேச்சு? டீச்சரையே கேட்டுடுவோம். உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. கைநிறைய சம்பளம். அதுல பெத்தவங்களுக்கு எவ்வளவு குடுக்கறீங்க?"

வேதா பச்சையம்மாளைப் பார்த்தாள்.

"பாதி சார்."

"பாதியா?"

"மாசாமாசம் பாதி. எங்க வீட்டுக்காரரு தங்கமானவரு. வேணும்னா கேளுங்க, அதோ நீலச் சட்டை."

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. ஜட்ஜும் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். பிரகாஷுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து பெரிசாக ஒரு கும்பிடு போட்டான்.

"நல்ல மனுஷன்" என்றார் ஜட்ஜ்.

அருணகிரி ஃபைலை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் பிரகாஷ் வெடித்தான்.

"ஏண்டி, உனக்கு என்ன தைரியம்? உங்கப்பனுக்கு அஞ்சு பைசா போனதுண்டா? சம்பளக் கவர் அப்படியே எங்கம்மா கைக்குத்தானே போவுது! கண்ணு ஆபரேஷனுக்குக் கேட்டு உங்கப்பன் வந்து நின்னப்பவே நான் குடுக்க உடல!"

"ஆமாங்க. அதைச் சொல்லியிருந்தா, ஓவியாவும் என்னை மாதிரிதான்னு பச்சையம்மா பணத்தைக் கம்மி பண்ணிட மாட்டாங்களா?"

"அதுக்கு? பொய் சாட்சின்னு தெரிஞ்சா உன்னப் புடிச்சி உள்ள போட்டுடுவாங்க. நானும் சேர்ந்து கும்பிடு போட்டிருக்கேன்!"

"அதாங்க எனக்கும் பயமா இருக்கு" என்றாள் வேதா, ஆட்டோவில் ஏறி அவனுக்கு இடம் விட்டபடி. "நாளைக்கு ஒண்ணாம் தேதி. பாதிய எங்கப்பாவுக்கு உங்க கையாலயே அனுப்பிடுங்க, எதுக்கு வம்பு!"