நாலு பத்து

ஈசாக்கின் முதுகெலும்பு இறுகிப்போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. அவரால் குனிய முடியாது, கழுத்தைத் திருப்பவும் முடியாது. இந்த வாதம் உள்ளவர்களுக்கு இதயத் துடிப்பும் தடுமாறலாம் என்று டாக்டர் அவர் நெஞ்சில் ஒரு நாள் முழுக்க ஒரு கருவியை ஒட்டிவிட்டார். எந்த நேரத்தில் என்ன செய்தார் என்று நோட்டில் எழுத வேண்டும். அவரால் தலை கவிழ்த்து எழுத முடியாததால் மனைவி விமலகுமாரி எழுதினாள்.

மறுநாள் பனச்சமூட்டுக் கிளினிக்கில் டெக்னீஷியன் லிஜா கருவியைக் கழற்றி, பதிவைக் கம்ப்யூட்டரில் ஓட்டினாள்.

"சேச்சி, நேத்து சாயங்காலம் நாலு பத்துக்கு வயர் ஏதாவது இளகிச்சா? ஆறு நிமிஷம் துடிப்பே இல்ல."

"ஒண்ணும் இளகல்ல மக்கா. நான் கூடவே உண்டு."

விமலகுமாரி நோட்டைப் புரட்டினாள். அவள் கையெழுத்தேதான். '4.10. முற்றத்தில் குனிந்து சாம்பக்காய் பொறுக்கினார்.' எழுதும்போது அது அவளுக்கு விசித்திரமாகப் படவில்லை.

லிஜாவின் பேனா உருண்டு தரையில் விழுந்தது.

"நீங்க எடுக்காதீங்க!" விமலகுமாரி கணவரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அதற்குள் ஈசாக் சுலபமாகக் குனிந்து பேனாவை எடுத்திருந்தார். "இந்தா மக்கா" என்று லிஜாவிடம் சிரித்தபடி நீட்டினார்.

விமலகுமாரியின் விரல்களுக்கு அடியில் நாடி ஓடவில்லை.