ஒன்றரைக் கிலோ ஈரம்

"ஒன்றரைக் கிலோ கூடுதலா இருக்கு. தண்ணி ஊத்தினது யாரு?"

ஆராய்ச்சியாளர் அம்மா தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தராசின் மேல், கம்புப் பயிர் நின்ற தொட்டி. எதிரே, அந்தக் கண்ணாடிக் கூடத்தில் பதினொரு வருடமாகத் தொட்டிகளை எடை போடுபவர். எல்லோருக்கும் அவர் தராசுக்காரர்தான்.

"தொட்டியோட எடை மாறாது. மண்ணோட எடை மாறாது. ஒரே நாள்ல பயிர் எவ்வளவு ஏறிடும்? அப்போ முள்ளு ஏறினா?"

"தண்ணிதாம்மா."

"இது காயப்போட்ட வரிசை. பத்து நாளைக்குச் சொட்டு விடக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கேனே, தெரியல?"

"தெரியுதும்மா."

வரிசையின் ஐந்து தொட்டிகளையும் ஏற்றி இறக்கியாயிற்று. ஐந்திலும் ஈரம். அம்மா மண்ணைக் கிள்ளி விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தார். அது உதிராமல் உருண்டையாகவே நின்றது.

கோபத்திலும் விளக்காமல் இருக்க அவரால் முடியாது.

"கம்பு இளசா இருக்கும்போது மண்ணு காஞ்சா, இலையைச் சுருட்டிக்கும். வேரைக் கீழ விட்டுத் தேடும். அப்புறம் மழை வந்தா அடியிலேர்ந்து புதுத் தூர் விட்டுத் தேறிடும். ஆனா பூக்குற நேரத்துல ஈரம் போச்சுன்னா தேற நாள் கிடையாது. கதிர் ஜம்முனு நிக்கும், உள்ள மணி இருக்காது. அந்த நேரத்துலயும் எந்த ரகம் மணி பிடிக்குதுன்னு பார்க்கத்தானே இத்தனை பாடு?"

"புரியுதும்மா."

"என்னத்தப் புரிஞ்சுது? இனிமே இதுல மணி பிடிச்சா, அது ரகத்தோட சாமர்த்தியமா, நீங்க விட்ட தண்ணியோட சாமர்த்தியமா? யாரு சொல்றது?" அவர் குரல் உடைந்தது. "மூணு வருஷ உழைப்பு. ஒரு செம்புத் தண்ணியில போச்சு. சொல்லுங்க, நீங்கதானே?"

தராசுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தாம்மா. வாடி நின்னுது. மனசு கேக்கல."

"எனக்கு மட்டும் கேக்குதா? பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் தினமும் பார்த்துட்டு நிக்கறேன். போங்க. நாளைலேர்ந்து வராதீங்க."

அவர் தொட்டியைத் தராசிலிருந்து பதமாக இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

வாசல் படியில் அம்மாவின் கணவர் உட்கார்ந்திருந்தார். மனைவியை வீட்டுக்கு அழைத்துப் போக வந்தவர். நகர்ந்து இடம் விட்டார்.

"சத்தம் கேட்டுது. மனசுல வெச்சுக்காதீங்க."

"அட, அதெல்லாம் இல்ல சார்."

"இன்னிக்கும் அவளேதான் ஊத்தினாளா?"

"சாப்பிட்டு வந்த கையோட ஊத்தினாங்க. 'பாவம், எவ்வளவு தாகமோ'ன்னு அதுங்ககிட்ட பேசிக்கிட்டே. அரை மணியில மறந்துட்டாங்க."

கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்களை வேலையை விட்டு நிறுத்தறது இது எத்தனாவது தடவை?"

"இந்த வாரத்துல நாலாவது சார். காலையில அம்மா வர்றதுக்குள்ள வேற வரிசையிலேர்ந்து காஞ்ச தொட்டிங்களை எடுத்து மாத்தி வெச்சிடறேன்," என்ற தராசுக்காரர் சற்றுத் தயங்கினார். "ஆனா, இனி ஒரு வரிசைதான் மிச்சம் இருக்கு."