தலையணைச் சூடு

“கீமோ நடக்கும்போது காய்ச்சல் வந்தா மாத்திரை போட்டு அடக்காதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க” என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் தங்கச்சிக்குக் காய்ச்சல் கண்ட அன்று, பஸ் டிரைவரான அண்ணனுக்கு லீவு கேட்க வாய் வரவில்லை. ஒரு மாத்திரையைக் கொடுத்தார். சூடு தணிந்தது. வண்டி எடுக்கப் போய்விட்டார். திரும்புவதற்குள் கிருமி ரத்தமெல்லாம் பரவியிருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, “மாத்திரை எதுவும் குடுக்கல சிஸ்டர்” என்று கூசாமல் சொன்னார். அவள் வீடு திரும்பவில்லை.

அதன்பிறகு அவளுடைய தலையணை கொதிக்கத் தொடங்கியது.

“ஜன்னல் வெயில்தாங்க” என்று மனைவி உறையை மாற்றினாள். கட்டிலைச் சுவரோரம் நகர்த்தினார்கள். மழை நாளிலும் சூடு குறையவில்லை.

இன்று காலை அதைத் தொட்டுப் பார்த்தவர் டிப்போவுக்குப் போன் போட்டார்.

“தங்கச்சிக்குக் காய்ச்சல். லீவு வேணும் சார்.”

சாவுக்கு வந்துபோயிருந்த மேனேஜர் லீவு நோட்டில் அவர் பெயரை எழுதிக்கொண்டார். பிறகு, “போய்ட்டு வாங்க” என்றார்.

தலையணையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தான் ஓட்டும் பஸ்ஸிலேயே பயணியாகப் போனார். வார்டு வாசலில் அதே நர்ஸ் நின்றிருந்தார். மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பரிதாபப்பட்டுத் தலையணைமேல் கை வைத்தவர், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

“எப்பலேர்ந்து இப்படிக் கொதிக்குது?” என்றார். “மாத்திரை எதுவும் குடுத்தீங்களா?”