மருந்து அலமாரி

கப்பல் நாகப்பட்டினத்தை விட்டுக் கிளம்பிய மூன்றாம் நாள் காலை, பொன்னழகுக்கு இளைப்பு கண்டது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு நாச்சிமுத்து கப்பல் டாக்டரிடம் ஓடினான்.

"ஒரு ஊசி போட்டா அடங்கிடும்" என்று சட்டைப் பையில் கையை விட்ட டாக்டரின் முகம் வெளிறியது. "சாவி! காலையில குமட்டல் தாங்காம கடல் பக்கம் குனிஞ்சேனே, அப்ப விழுந்திருக்கும். மாத்துச் சாவியும் கிடையாதே!"

மருந்தெல்லாம் கனத்த பூட்டுத் தொங்கும் இரும்பு அலமாரிக்குள்.

"பூட்ட ஒடைங்க சாமி! இவளுக்குக் கண்ணு சொருகுதே!"

எஞ்சின் அறையிலிருந்து ஓடிவந்த ஆள் சம்மட்டியால் ஓங்கி அடித்தான். சம்மட்டிதான் எகிறியது. ரம்பத்தை எடுத்தான்.

"அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கப்பா. அறுத்துடறேன்."

பொன்னழகின் உதடு நீலம் பாரித்துவிட்டது. பூட்டைப் பிடித்துக்கொடுக்கலாம் என்று குனிந்த நாச்சிமுத்து, அப்படியே தரையில் சரிந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"அறுபடாதுங்க! பொழுதன்னைக்கும் ராவினாலும் அறுபடாது!"

"உனக்கெப்படித் தெரியும்?" டாக்டர் அதட்டினார்.

பூட்டின் அடியில் சின்னதாக ஒரு மயில் முத்திரை இருந்தது. நாச்சிமுத்து அதைத் தொட்டுக் காட்டினான்.

"எம் முத்திரைங்க. திண்டுக்கல்லுல எம் பட்டறையில நாந்தேன் செஞ்சேன். ஏதோ கப்பலுக்குன்னாக. மாத்துச் சாவியும் கேட்டாகய்யா... எம் பூட்டுக்கு ஒத்தச் சாவிதேன்னு வீம்பாச் சொல்லிப்புட்டேனே!"