பொண்ணு தூங்கும்

பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியில் கை வைக்கும் முன்பே அப்பா சொல்லிவிட்டார். "மறைச்சுக் கட்டி வச்சுட்டாங்கன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாது பாருங்க. பொண்ணு தூங்கும்."

நிறைமதி தலை குனிந்துகொண்டாள். ஊரில் தூக்கம் ஒழிந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. இவள் ஒருத்தியைத்தான் அது விடவில்லை.

"தினமுமா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"ஆமாங்க."

"பாட்டெல்லாம் வேண்டாம்மா. கொஞ்சம் தூங்கிக் காட்டு."

சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினாள். அத்தனை வெட்கத்திலும் தூக்கம் வந்துவிட்டது. அதுதானே அவள் குறை. கனவில், செத்துப்போன அம்மா வந்து தலை பின்னிவிட்டாள்.

விழித்தபோது எல்லோரும் சோபாவைச் சுற்றி நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முகத்துக்கு நேரே குனிந்திருந்தாள்.

"சிரிச்சியே, யாரப் பாத்தே?"

"எங்கம்மாவ."

அவள் நிறைமதியின் கையை இறுகப் பற்றினாள். "எம் மூத்த பையன் தவறிட்டாம்மா. அவனத் தேடிப் பாரு. அவன் கிடைக்கிற வரைக்கும் எங்க வீட்டுல உன்ன யாரும் எழுப்ப மாட்டோம்."